விக்கிப்பீடியாவில் யாருக்கு இடம்?

வீட்டில் இன்டர்நெட் இணைப்புப் பெற்ற புதிதில் பலரும் செய்து பார்க்கும் காரியம் ஒன்று உண்டு. தேடல் கட்டத்தில் முதலில் சொந்த ஊரின் பெயரை டைப் செய்வார்கள். அடுத்து, படித்த பள்ளியின் பெயர். அதற்கும் அடுத்து, யாரும் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கள் பெயர்! ஊரைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை இருக்கலாம். பள்ளிக்கு இருந்தாலும் இருக்கும். நம் பெயருக்கு இருக்காது.

உடனே ஓர் எண்ணம் எழும். விக்கிப்பீடியா யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கலைக்களஞ்சியம் என்கிறார்களே, நாமே ஒரு கட்டுரை எழுதிவிட்டால் என்ன? சிலர் எழுதியும் விடுகிறார்கள். தங்களைப் பற்றி, தங்கள் கடையைப் பற்றி, தங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் பற்றி, ஊர்க் கோவிலில் நாகசுரம் வாசிக்கும் வித்துவானைப் பற்றி. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பக்கத்தைக் காணோம். குறிப்பிடத்தக்கமை இல்லாததால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கும்.

இந்த ஒரு வரி பலரைப் புண்படுத்துகிறது. "எங்கள் வாத்தியார் குறிப்பிடத்தக்கவர் இல்லையா? அதைச் சொல்ல இவர்கள் யார்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விதி தேவையானது. அதைத் தளர்த்தக் கூடாது. ஆனால் அது ஒருவருடைய பெருமையை அளக்கும் விதி அல்ல. அப்படி நினைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தும்போதுதான் அநியாயம் நடக்கிறது. அதைச் சரி செய்யும் வேலையில், இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் பங்கு உண்டு.

விதி என்ன சொல்கிறது?

2001 ஜனவரி 15-ல் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா, இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் 70 லட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு மொழியிலும் எழுதுபவர்கள் தங்கள் விதிகளைத் தாங்களே பேசி முடிவு செய்கிறார்கள். ஆனாலும் ஆங்கிலத்தில் உருவான ஒரு பொது விதி பல மொழிகளில் வழிகாட்டியாக உள்ளது.

அந்த விதி இதுதான். ஒரு பொருளைப் பற்றித் தனிக் கட்டுரை வேண்டுமானால், அதனோடு தொடர்பில்லாத பிறர், நம்பத்தக்க வெளியீடுகளில், ஓரளவு விரிவாக ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும்.

இதில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, எழுதியவர் பிறராக இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் தன் வெப்சைட்டில் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டது கணக்கில் வராது. இரண்டாவது, வெளியீடு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். ஆசிரியர் குழுவும், தவறு வந்தால் திருத்தும் வழக்கமும் உள்ள நாளிதழ், புத்தகம், ஆய்விதழ் போன்றவை. மூன்றாவது, விரிவு வேண்டும். ஒரு பட்டியலில் பெயர் மட்டும் வந்தால் போதாது. ஒரு கட்டுரை எழுதும் அளவுக்காவது செய்தி இருக்க வேண்டும்.

கவனித்தீர்களா? நல்லவரா, திறமைசாலியா, ஊருக்கு உழைத்தவரா என்ற கேள்வியே இதில் இல்லை. எழுதப்பட்டிருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. தமிழில் இதனைக் 'குறிப்பிடத்தக்கமை' என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஏதோ தகுதிச் சான்றிதழ் போலத் தோன்றுகிறது. பாதி மனவருத்தம் இந்தப் பெயரால் வருவது என்பேன்.

யார் முடிவு செய்கிறார்கள்? சம்பளம் வாங்கும் அதிகாரிகள் அல்ல. உங்களையும் என்னையும் போன்ற தன்னார்வலர்கள்தான். ஆங்கில விக்கிப்பீடியாவில், எந்த முக்கியத்துவமும் சொல்லப்படாத பக்கம் என்றால் உடனே நீக்கிவிடலாம். சந்தேகம் இருந்தால் ஏழு நாட்கள் பொது விவாதத்திற்கு விடுகிறார்கள். வைக்கலாம், நீக்கலாம், வேறொரு கட்டுரையோடு சேர்க்கலாம் என்று யாரும் கருத்துச் சொல்லலாம். முடிவில் வாக்குகளை எண்ணுவதில்லை. சொல்லப்பட்ட காரணங்களை எடை போடுகிறார்கள்.

இடம்தான் இருக்கிறதே!

புதியவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி இது. அச்சுக் கலைக்களஞ்சியத்தில் இடப் பற்றாக்குறை உண்டு. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியம், 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவின் கடைசி அச்சுப் பதிப்பு 32 தொகுதிகள். 2012-ல் அச்சிடுவதையே நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். காகிதத்தில் ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லையே! ஒரு கட்டுரையின் எழுத்துகள், நீங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோ பிடிக்கும் இடத்தைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். பிறகு ஏன் நீக்குகிறார்கள்?

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஒரு பாடம் புரிந்துவிடும். புரோகிராம் எழுதுவது சிறிய செலவு. எழுதியதை ஆண்டுக்கணக்கில் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய செலவு. ஒவ்வொரு வரியையும் யாராவது ஒருவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கவனிப்பார் இல்லாத பகுதியில்தான் பிழை புகுந்து, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

விக்கிப்பீடியாவும் அப்படித்தான். அங்கே பற்றாக்குறை ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. பார்த்துக்கொள்ளும் ஆட்களில் இருக்கிறது. யாரும் திருத்தலாம் என்றால் கெட்ட எண்ணம் உள்ளவரும் திருத்தலாம் என்றுதானே பொருள்?

2005-ல் நடந்ததைப் பாருங்கள். ஜான் சீகன்தாலர் என்பவர் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர். அவரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டதாக யாரோ ஒருவர் விளையாட்டாகப் பொய் எழுதிவிட்டார். மே மாதம் எழுதப்பட்ட அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கும் மேலாக அப்படியே இருந்தது. சீகன்தாலர் பிரபலமானவர், பத்திரிகையில் எழுதித் தன் வழக்கைச் சொல்ல அவரால் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து, பயனர் கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய பக்கம் தொடங்க முடியாது என்று மாற்றினார்கள். அதே பொய் உங்கள் ஊர் வாத்தியாரைப் பற்றிய பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால்? எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அது பொய் என்று காட்ட எந்தப் புத்தகத்தைப் புரட்டுவார்கள்? சரிபார்க்க ஆதாரம் இல்லாத பக்கம் அந்த மனிதருக்கு மரியாதை அல்ல. அது திறந்து போட்ட வீடு.

இன்று இந்தக் கவலை இன்னும் கூடியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுப் புரோகிராம்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் கலைக்களஞ்சிய நடையில் கட்டுரை வந்து விழுகிறது. இல்லாத புத்தகங்களை ஆதாரமாகக் காட்டும் கட்டுரைகளும் அதில் உண்டு. எழுத ஒரு நிமிடம். சரிபார்க்க ஒரு மணி நேரம். இதனால்தான் 2025-ல் ஆங்கில விக்கிப்பீடியா, மனிதர் படித்துப் பார்க்காமல் இப்படிப் போடப்பட்டதற்கான வெளிப்படையான அடையாளங்கள் உள்ள பக்கங்களை விவாதமின்றியே நீக்கலாம் என்று விதி செய்தது.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் 60 லட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உண்டு. பெரும்பாலானவை, சுவீடனைச் சேர்ந்த ஒருவர் எழுதிய புரோகிராம் தானாக உருவாக்கியவை. ஊர்கள், ஆறுகள், உயிரினங்கள் பற்றிய சில வரிக் குறிப்புகள். அவற்றைக் கவனித்துத் திருத்த அந்த மொழியில் இருப்பவர்களோ மிகச் சிலர்.

ஆசையைக் காசாக்குபவர்கள்

விக்கிப்பீடியாவில் பெயர் வர வேண்டும் என்ற ஆசையை வைத்துப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். புதியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2015 ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே நேரத்தில் 381 பயனர் கணக்குகளைத் தடை செய்தது. 'ஆரஞ்ச்மூடி' என்று பெயர் பெற்ற மோசடி இது. அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் தெரியுமா? குறிப்பிடத்தக்கமை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகளைத் தேடிப் பிடிப்பார்கள். அந்தச் சிறு நிறுவனத்தையோ கலைஞரையோ தொடர்புகொண்டு, பணம் கொடுத்தால் பக்கத்தை வெளியிடுகிறோம் என்பார்கள். பக்கம் வந்த பிறகு, அதை நீக்காமல் பாதுகாக்க மாதாமாதம் பணம் என்று கேட்பார்கள். விவரம் வெளியானதும் இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் நீக்கப்பட்டன. கொடுத்தவர்களுக்குப் பணமும் போனது, பக்கமும் போனது.

எனவே, விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறோம், நீக்கவே மாட்டார்கள் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். அந்த உறுதியைத் தரும் அதிகாரம் யாரிடமும் இல்லை.

விதி எங்கே தடுமாறுகிறது?

இவ்வளவு சொன்னதால், நீக்குபவர்கள் எல்லாம் சரியாகவே நீக்குகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸே இதில் மாட்டியிருக்கிறார். 2007 செப்டம்பரில் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் அருகில், குகுலேத்து என்ற பகுதியில் இருந்த 'ம்சோலிஸ்' என்ற உணவகத்தைப் பற்றி மிகச் சிறிய கட்டுரை ஒன்றைத் தொடங்கினார். 22 நிமிடங்களில் அது நீக்கப்பட்டது! பிறகு பெரிய வாக்குவாதம் நடந்தது. பலர் சேர்ந்து பத்திரிகைச் செய்திகளைத் தேடிக் கொடுத்தார்கள், கட்டுரை நிலைத்தது. ஆதாரம் உலகத்தில் இருந்தது. தேடாமலே இல்லை என்று முடிவு கட்டியதுதான் தவறு.

இன்னும் பெரிய உதாரணம் டோனா ஸ்டிரிக்லாண்ட். கனடாவைச் சேர்ந்த இயற்பியல் விஞ்ஞானி. லேசர் ஒளியை மிகச் சக்திவாய்ந்த குறுந்துடிப்புகளாக மாற்றும் முறையை 1985-ல் ஜெரார் மூரூவுடன் சேர்ந்து வெளியிட்டவர். 2018-ல் அவரைப் பற்றி ஒருவர் எழுதி அனுப்பிய வரைவு, கொடுக்கப்பட்ட ஆதாரங்கள் போதவில்லை என்று மே மாதம் திருப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இயற்பியலில் அப்பரிசு பெற்ற மூன்றாவது பெண். 1963-க்குப் பிறகு 55 ஆண்டுகளில் முதல்வர். அன்றே அவருக்கு ஒரு கட்டுரை உருவாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் ஆப்டிகல் சொசைட்டிக்கு 2013-ல் தலைவராக இருந்தவர் ஸ்டிரிக்லாண்ட். பெரிய அறிவியல் சங்கங்களில் இத்தகைய பொறுப்பு வகித்தவர்களுக்கு இடம் உண்டு என்று ஆராய்ச்சியாளர்களுக்கான தனி விதியே ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கிறது. ஆகவே பரிசுக்கு முன்பே அவருக்கு இடம் இருந்தது. விதி அவரைத் தடுக்கவில்லை. விதியைப் பயன்படுத்திய அவசரம் தடுத்தது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் பெண்களைப் பற்றியவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அவசரம் யாரை அதிகம் பாதிக்கும் என்பது புரியும்.

மூன்றாவது வகைச் சிக்கல் இன்னும் கடினமானது. எங்கும் எழுதப்படாத அறிவை என்ன செய்வது? 2011-ல் அசல் பிரபலா என்பவர் இந்தியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்தார். அச்சில் வராத வழக்கங்களைத் தெரிந்தவர்களிடம் நேரில் பேசி, அந்த ஒலிப்பதிவையே ஆதாரமாகக் காட்டுவது. கேரளத்துக் குழந்தைகள் ஆடும் 'டப்பாக் களி' விளையாட்டு அப்படிப் பதிவானவற்றில் ஒன்று. ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஆடிய விளையாட்டுக்கு ஒரு புத்தக ஆதாரம் கிடைக்கவில்லை! ஆனால் ஒலிப்பதிவை ஆதாரமாக ஏற்கும் முறை பரவலான வழக்கமாக மாறவில்லை. சொன்னது சரிதானா என்று மூன்றாவது மனிதர் ஒருவர் சரிபார்த்து வெளியிட்டிருக்க வேண்டும் என்பதே விக்கிப்பீடியாவின் அடிப்படை. அதனைக் கைவிட்டால் வதந்திக்கும் வழி திறந்துவிடும்.

இதுதான் உண்மையான அநியாயம். புதிதாக வந்த ஒரு மொபைல் போனைப் பற்றி ஒரே வாரத்தில் இருபது விமர்சனங்கள் வந்துவிடுகின்றன. நாற்பது வருடம் நாகசுரம் வாசித்தவரைப் பற்றி ஒரு பத்தி கூட வருவதில்லை. விக்கிப்பீடியா நமக்குக் கண்ணாடியைத்தான் காட்டுகிறது. முகத்தில் குறை இருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் பயன் இல்லை.

எழுத்து சேர்ந்தால் கதவு திறக்கும்

கிளாரிஸ் பெல்ப்ஸ் என்ற அமெரிக்க அணு வேதியியலாளரின் கதை இதற்குச் சான்று. டென்னசின் என்ற 117-வது தனிமத்தின் கண்டுபிடிப்புக்காக, ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் பெர்க்கிலியம் என்ற தனிமத்தைத் தூய்மைப்படுத்திய குழுவில் இருந்தவர். இவரைப் பற்றி இங்கிலாந்தின் இயற்பியல் விஞ்ஞானி ஜெஸ் வேட் 2018-ல் ஒரு கட்டுரை எழுதினார். 2018 முதல் பெண் விஞ்ஞானிகள் உள்ளிட்டோரைப் பற்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை விக்கிப்பீடியாவில் எழுதியவர் இவர். பெல்ப்ஸ் பற்றிய கட்டுரை, போதிய வெளி ஆதாரம் இல்லை என்று 2019 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. பிறகு அவரைப் பற்றிப் பிறர் எழுதியவை சேர்ந்தன. 2020-ல் கட்டுரை திரும்ப வந்தது. விதி மாறவில்லை, எழுத்து சேர்ந்தது.

நமக்கும் இதே வழிதான். உங்கள் ஊர் வித்துவானைப் பற்றி எழுத விரும்பினால், விக்கிப்பீடியாவைத் திறப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் தேடுங்கள். இன்டர்நெட்டில் வராதது எல்லாம் இல்லாதது அல்ல. அச்சில் வந்த பழைய நாளிதழும் புத்தகமும் முறையான ஆதாரங்களே. பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் கொடுத்தால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏராளமான பழைய நூல்களைப் படிக்கலாம். இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு 'நூலகம்' தளம் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உங்கள் மாவட்ட மைய நூலகத்தையும் மறக்க வேண்டாம்.

ஆதாரம் குறைவாக இருந்தால் தனிக் கட்டுரைக்கு அவசரப்படாதீர்கள். ஊரைப் பற்றிய கட்டுரையிலோ, கோவிலைப் பற்றிய கட்டுரையிலோ ஆதாரத்துடன் இரண்டு வரி சேருங்கள். ஒரு காலத்தில் போக்கிமான் கார்ட்டூனில் வரும் ஒவ்வொரு பிராணிக்கும் ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை இருந்தது. 2007 வாக்கில் பெரும்பாலானவற்றைப் பட்டியல்களாக இணைத்துவிட்டார்கள். பிகாச்சு போன்ற சிலவே தனியாக நின்றன. சேர்ப்பது என்பது அழிப்பது ஆகாது.

ஆதாரமே இல்லை என்றால், அதை உருவாக்கும் இடம் விக்கிப்பீடியா அல்ல. உள்ளூர் நிருபரிடம் சொல்லுங்கள். இசை, நாட்டார் வழக்கு பற்றி எழுதும் இதழ்களுக்கு எழுதுங்கள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் மாணவர் யாராவது இருந்தால் வித்துவானிடம் அழைத்துச் செல்லுங்கள். வித்துவானுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்த வேலை தாமதமானால், நீக்கப்பட்ட பக்கத்தை மீட்பது போல அதை மீட்க முடியாது.

கடைசியாக, உங்களைப் பற்றியோ உங்கள் வியாபாரத்தைப் பற்றியோ நீங்களே எழுத வேண்டாம். தகுதி இருந்தால் பிறர் எழுதுவார்கள். அதுவரை உங்கள் விவரங்களுக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே யாரும் வந்து திருத்தமாட்டார்கள்.

பழைய உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பத்து நிமிடம் நீங்களும் தேடுங்கள். புதியவர் எழுதிய முதல் கட்டுரை அது என்றால், எது குறைகிறது என்று அவருக்குப் புரியும் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். குறிப்பிடத்தக்கவர் அல்ல என்று எழுதாமல், இவரைப் பற்றிய வெளி ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதினால் போதும். முன்னதைப் படித்தவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். பின்னதைப் படித்தவர் நூலகத்திற்குப் போவார்.